அட்டை கடின்னு விட்ட கறுப்பு பொருக்கு: தாண்டிக்குடி பக்கம் ஒரு ஸ்க்ரப் டைஃபஸ் கேஸும் அதுக்குப் பின்னாடி இருக்குற ஒரு புரோட்டீனும்

ஸ்க்ரப் டைஃபஸ் நமக்கு புதுசு இல்ல. பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடுவாங்க, கீழ்பழனி மலைல வடகிழக்கு மழை பிடிச்சதும் ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் வந்துகிட்டே இருக்கும், அடிவாரத்துல ஓபி பாக்குற எல்லாருக்கும் இது தெரியும். இந்த கேஸ எழுத உக்காந்ததுக்கு காரணம் வேற. இதுல பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி நாலு விஷயம் நடந்துச்சு. நல்ல ஊசியா போட்டும் காய்ச்சல் விடல, மொதல்ல எடுத்த ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துச்சு, ஒரு வாரம் தாண்டுறப்போ நுரையீரல்ல நீர் கசிஞ்சு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது, அதுக்கும் மேல இவங்களுக்கு இதே நோய் ஏற்கனவே ஒரு தடவ வந்து சரியாயிருக்கு. நாலுக்கும் தனித்தனியா காரணம் சொல்லலாம், பரீட்சைல அப்படித்தான் எழுதுவோம். ஆனா கொஞ்சம் உள்ள போய் பாத்தா நாலும் ஒரே எடத்துல தான் போய் முட்டுது, இந்த நோய உண்டாக்குற பாக்டீரியாவோட வெளிச்சவ்வு, அதுலயும் முக்கியமா அதுமேல மொய்ச்சு கெடக்குற 56 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரோட்டீன்.

நோயாளி யாருன்னு தெரிஞ்சிடக் கூடாதுன்னு சில விவரங்கள மாத்தியிருக்கேன், மருத்துவ விஷயம் எதுவும் மாறல.

ஆளும் எடமும்

நாப்பது வயசு தாண்டுன அக்கா, தாண்டிக்குடிக்கு மேல ஒரு காபி தோட்டத்துல கூலி வேலை. அந்தப் பக்கம் தெரியாதவங்களுக்காக சொல்றேன், பட்டிவீரன்பட்டில இருந்து மலை ஏறுனா வர்ற ஊரு, காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையமே அங்க இருக்கு, காபிக்கு நடுவுல மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, மேல நிழலுக்கு சில்வர் ஓக்னு எல்லாம் கலந்து நிக்கும். நவம்பர்ல இருந்து பழம் பறிக்கிற சீசன். மழை விட்டு விட்டு பேயும், செடிக்கடில களை முழங்கால் உயரம் நிக்கும், எலி, பெருச்சாளிக்கு பஞ்சமே இல்ல. சிக்கர்னு சொல்ற, இந்த நோயப் பரப்புற பூச்சிக்குஞ்சு வாழ இதவிட வசதியான எடம் கெடைக்காது.

காய்ச்சல் ஆரம்பிச்ச மொத ரெண்டு நாள் பாராசிட்டமால் மட்டும். மூணாம் நாள் ஒரு கிளினிக்ல செஃபிக்சைம் மாத்திரை. விடல. அஞ்சாம் நாள் கீழ இறங்கி வேற எடத்துல சேந்து மூணு நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, தலைவலி தாங்க முடியல, காய்ச்சல் 103ல நிக்குது, அங்க எடுத்த வெயில்-ஃபெலிக்ஸ், அதாவது ஸ்க்ரப் டைஃபஸுக்கு பாக்குற பழைய ரத்த டெஸ்டு நெகட்டிவ், டைஃபாய்டுக்கு பாக்குற வைடால் 80ல ஒண்ணுன்னு லேசா காட்டிருக்கு, சரி டைஃபாய்டா இருக்கும்னு ஊசிய தொடந்திருக்காங்க. அவங்க எடத்துல யாரு இருந்தாலும் அப்படித்தான் யோசிச்சிருப்பாங்க, நம்ம ஊர்ல வைடால் லேசா ஏறாத ஆளையே பாக்குறது கஷ்டம், ஒத்த வைடால வச்சு டைஃபாய்டுன்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது. ஒம்பதாம் நாள் மூச்சு வாங்குதுன்னு எங்ககிட்ட தூக்கிட்டு வந்தாங்க.

வர்றப்போ ஆக்சிஜன் சாச்சுரேஷன் வெறும் காத்துல 88, மூச்சு நிமிஷத்துக்கு 34, பிபி 96/60, நாடி 118, காய்ச்சல் 102.8. கண்ணு செவந்து கெடக்கு, முகம் லேசா உப்பல். ரெண்டு பக்கமும் நெஞ்சுல அடில கரகரன்னு சத்தம். மண்ணீரல் நுனி கைல தட்டுப்பட்டுச்சு.

அந்தப் பொருக்கு

இந்த சீசன்ல எங்க வார்டுல ஒரு வழக்கம், காய்ச்சல்னு மலைல இருந்து யாரு வந்தாலும் சிஸ்டர் ஸ்க்ரீன இழுத்துட்டு தலைல இருந்து கால் வரைக்கும் தோல பாப்பாங்க, அக்குள், மார்புக்கு அடில, தொடையிடுக்கு, காதுக்கு பின்னாடி, பாவாட நாடா இறுக்குற எடம். அந்த நாடா எடத்த யாரும் சொல்லாம காட்ட மாட்டாங்க. எங்க சிஸ்டர் நாடாவ தளத்தச் சொல்லி பாத்தப்போ வலது இடுப்புக்கு மேல ஒரு கறுப்பு பொருக்கு, ஒரு சென்டிமீட்டர் கூட இல்ல, சுத்தி செவப்பா ஒரு வளையம், பாக்க சிகரெட்ட வச்சு அணைச்ச சூடு மாதிரி.

"அக்கா, இது என்னக்கா?"

"அது அட்ட கடிச்சது தாயி, வாரம் பத்து நாளு இருக்கும்."

"அட்ட கடிச்சா அரிச்சு பிடுங்கும்ல, இது அரிச்சுச்சா?"

"அரிக்கல, வலிக்கவும் இல்ல, அதான் நான் கண்டுக்கவே இல்ல."

அரிக்கல, வலிக்கல. இந்த ரெண்டு வார்த்தை தான் கேஸ திருப்புச்சு. அட்டை கடிச்ச எடம் ரத்தம் நிக்காம வடியும், அப்புறம் நாள் கணக்கா அரிக்கும், மலைல வேலை பாக்குறவங்களுக்கு அது நல்லாவே தெரியும். இது எஸ்கார், அதாவது சிக்கர் கடிச்ச எடத்துல தோல் செத்து உண்டாகுற பொருக்கு. அதே பக்கம் தொடையிடுக்குல நெறி கட்டியிருந்துச்சு, அதுவும் பொருந்துது. எஸ்கார் எல்லாருக்கும் இருக்காது, தேடுறவங்க எவ்வளவு பொறுமையா தேடுறாங்கங்கறத பொறுத்து கணக்கு மாறும், ஆனா இருந்துட்டா அதவிட பெரிய ஆதாரம் வேற வேணாம். லேப் ரிசல்ட்டுக்கு காத்திருக்காம அப்பவே மருந்த ஆரம்பிச்சிட்டோம்.

ரத்தமும் மருந்தும்

பிளேட்லெட் 62,000, வெள்ளையணு 11,400, ஈரல் பாதிப்ப காட்டுற எஸ்ஜிஓடி 186, எஸ்ஜிபிடி 142, ரத்தத்துல இருக்குற ஆல்புமின்ங்கற புரோட்டீன் 2.6, கிட்னிய காட்டுற கிரியாட்டினின் 1.5. டெங்கு என்எஸ்1, ஐஜிஎம் ரெண்டும் நெகட்டிவ், மலேரியா ஸ்மியர் நெகட்டிவ். எக்ஸ்ரேல ரெண்டு நுரையீரலும் அடில வெள்ளையா மூட்டமா இருந்துச்சு. ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் எலைசா, அதாவது உடம்பு மொதல்ல போடுற ஐஜிஎம் ஆன்டிபாடிய தேடுற டெஸ்டு, சாயங்காலம் வந்துச்சு, நல்ல பாசிட்டிவ். பொருக்க மெதுவா பேத்து எடுத்து ஒரு மெடிக்கல் காலேஜுக்கு பிசிஆருக்கு அனுப்புனோம், 56 கேடி, அதாவது அந்த 56 கிலோடால்டன் புரோட்டீனோட ஜீனுக்கு பாசிட்டிவ்னு பின்னாடி பதில் வந்துச்சு. பொருக்க தூக்கிப் போட்றாதீங்க, அதுல இருக்குற அளவுக்கு பாக்டீரியா டிஎன்ஏ ரத்தத்துல பல நேரம் சிக்காது.

மருந்து விஷயத்துல எங்களுக்கு குழப்பம் இல்ல. சாதாரண கேஸ்னா டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் ரெண்டு வேளை ஏழு நாள். இவங்க நுரையீரல் பாதிச்ச சீரியஸ் கேஸ், அதனால டாக்சியும் அசித்ரோமைசினும் ரெண்டையும் நரம்பு வழியா சேத்து குடுத்தோம். இதுக்கு 2023ல வந்த இன்ட்ரெஸ்ட் ட்ரயல் தான் ஆதாரம், வேலூர் சிஎம்சி தலைமைல இந்தியாவுல ஏழு ஆஸ்பத்திரில நடந்தது, 800 பேருக்கு கொஞ்சம் கம்மி, எல்லாருமே சீரியஸ் ஸ்க்ரப் டைஃபஸ். சாவு, ஏழாம் நாள்லயும் தீராத சிக்கல், அஞ்சாம் நாள்லயும் விடாத காய்ச்சல் இதையெல்லாம் ஒண்ணா சேத்து எண்ணுனதுல டாக்சி மட்டும் வாங்குனவங்கள்ல 47 சதவீதம், அசித்ரோ மட்டும் வாங்குனவங்கள்ல 48, ரெண்டும் சேத்து வாங்குனவங்கள்ல 33. நம்ம ஆளுங்க நம்ம நோயாளிகள வச்சு பண்ணி உலகத்துக்கே வழி சொன்ன ட்ரயல், இத நான் கொஞ்சம் பெருமையா தான் சொல்லுவேன்.

ஹை ஃப்ளோ ஆக்சிஜன் வச்சோம், வெண்டிலேட்டர் வரைக்கும் போகல. மறுநாள் ராத்திரி காய்ச்சல் எறங்குச்சு. அதுக்கப்புறம் ஆக்சிஜன கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு வார்டுக்கு மாத்தியாச்சு, கிட்னி தானா சரியாச்சு. சலைன அள்ளி ஊத்தாம கைய கட்டிகிட்டு இருந்ததும் ஒரு வைத்தியம் தான், ஏற்கனவே ரத்தக்குழாய் கசியுற ஆளுக்கு பிபி கொறையுதேன்னு பாட்டில் பாட்டிலா ஏத்துனா அவ்வளவும் நுரையீரல்ல தான் போய் நிக்கும்.

உள்ள எப்படி போச்சு

இனி விஷயத்துக்கு வரலாம். கிருமி பேரு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. 1995 வரைக்கும் ரிக்கெட்சியாங்கற பேரினத்துல வச்சிருந்தாங்க, அப்புறம் தனி பேரினமா பிரிச்சாங்க. பிரிச்சதுக்கு ஒரு பெரிய காரணமே அதோட மேலுறை தான். சாதாரண கிராம் நெகட்டிவ் பாக்டீரியா, ஈ கோலை, சால்மோனெல்லா மாதிரி, வெளிச்சவ்வுல எல்பிஎஸ்னு ஒரு கொழுப்பு-சர்க்கரை அடுக்கு போத்திக்கிட்டு இருக்கும், அதுக்குள்ள பெப்டிடோகிளைக்கான் சுவர். ஓரியன்ஷியாகிட்ட எல்பிஎஸ் கெடையாது, பெப்டிடோகிளைக்கானும் பேருக்கு தான். அப்போ மேல என்ன இருக்கு? புரோட்டீன் தான் இருக்கு. வெளிச்சவ்வுல அதிகமா இருக்குறது 56 கேடி டைப் ஸ்பெசிஃபிக் ஆன்டிஜென், சுருக்கமா டிஎஸ்ஏ56. அதோட ஸ்கா-ஏ, ஸ்கா-சி மாதிரி ஆட்டோட்ரான்ஸ்போர்ட்டர் புரோட்டீன்களும், 47 கேடி, 22 கேடின்னு இன்னும் சிலதும்.

சிக்கர்ங்கறது லெப்டோட்ராம்பிடியம்ங்கற மைட்டோட குஞ்சு, ஆறு காலு, அர மில்லிமீட்டர் கூட வராது, நம்ம பக்கம் லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸ். இது ரத்தம் குடிக்கிறதில்ல, தோல்ல எச்சில விட்டு திசுவ கரைச்சு அந்த சாற உறிஞ்சும், ரெண்டு மூணு நாள் அப்படியே ஒட்டிக் கெடக்கும், வலி தெரியாது. துணி இறுக்குற எடத்துக்கு வந்ததும் அங்கயே தங்கிடும், அதான் நாடா எடம். குஞ்சா இருக்குறப்போ மட்டும் தான் மனுசனயோ எலியையோ கடிக்கும், வளந்ததுக்கு அப்புறம் மண்ணுல இருக்குற பூச்சி முட்டைய தின்னுகிட்டு கெடக்கும். பாக்டீரியா தாய் மைட்டுல இருந்து முட்டை வழியா குஞ்சுக்கு வருது, அதனால ஒரு தோட்டத்துல ஒரு மூலைல வருசா வருசம் வரும், பத்தடி தள்ளி ஒண்ணும் இருக்காது.

எச்சிலோட தோலுக்குள்ள வந்த பாக்டீரியாவுக்கு ஒரு செல்லுக்குள்ள பூந்தே ஆகணும், வெளிய வச்சு வளக்கவே முடியாது, லேப்லயும் செல் கல்ச்சர்ல தான் வளரும். இங்க தான் டிஎஸ்ஏ56. நம்ம திசு இடுக்குல எல்லாம் ஃபைப்ரோநெக்டின்னு ஒரு புரோட்டீன் பரவிக் கெடக்கு, செல்லுங்க ஒண்ணோடொண்ணு பிடிச்சு நிக்க உதவுறது. டிஎஸ்ஏ56 போய் இந்த ஃபைப்ரோநெக்டின பிடிச்சுக்குது. ஃபைப்ரோநெக்டின நம்ம செல் மேல இருக்குற இன்டெக்ரின்ங்கற புரோட்டீன் பிடிச்சுக்கும், அது அதோட தினசரி வேலை. ஆக பாக்டீரியா நேரா செல்லத் தொடாம நம்மளோட ஆளயே நடுவுல வச்சு உள்ள போகுது. இன்டெக்ரின் தூண்டப்பட்டதும் செல்லுக்குள்ள சிக்னல் ஓடி ஆக்டின் எலும்புக்கூடு நெளிஞ்சு குடுத்து செல்லே பாக்டீரியாவ இழுத்து உள்ள போட்டுக்குது. 2008ல கொரிய ஆய்வாளர்கள் இந்த ஃபைப்ரோநெக்டின் பிடிப்ப காட்டுனாங்க, அதுக்கப்புறம் ஆபத்தில்லாத ஈ கோலையோட மேல இந்த புரோட்டீன ஏத்தி விட்டா அந்த ஈ கோலையே செல்லுக்குள்ள பூற ஆரம்பிக்குதுன்னும் காட்டுனாங்க. ஸ்கா-ஏ, ஸ்கா-சி ரெண்டும் ஒட்டுறதுக்கு கை குடுக்குது, ஸ்கா-சியும் ஃபைப்ரோநெக்டின பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. மேல்ல அதிகமா இருக்குற புரோட்டீன் தான் நோய உண்டாக்குதுன்னு கண்ண மூடிகிட்டு சொல்லிரக் கூடாது. இதே மலைல, இதே மழைல, இதே மாதிரி காய்ச்சலோட வர்ற எலிக்காய்ச்சல எடுத்துக்கங்க, லெப்டோஸ்பைரா. அதோட வெளிச்சவ்வுல ரொம்ப அதிகமா இருக்குறது லிப்-எல்32. எல்லாரும் அது தான் முக்கிய ஆயுதம்னு நெனச்சாங்க, அந்த ஜீன கெடுத்துட்டு விலங்குல ஏத்திப் பாத்தா அப்பவும் நோய் வருது! ஆனா லோ-ஏ22ன்னு இன்னொரு வெளிச்சவ்வு புரோட்டீன கெடுத்தா வீரியம் போயிடுச்சு. ஓரியன்ஷியாவுல இப்படி ஒரு ஜீன மட்டும் கெடுத்துப் பாக்குற வசதி இன்னும் சரியா வரல, அதனால டிஎஸ்ஏ56 பத்தி நமக்கு இருக்குறது எல்லாம் சுத்தி வளைச்ச ஆதாரம் தான், ஆன்டிபாடியால மறைச்சா உள்ள போறது கொறையுது, வேற பாக்டீரியாவுல ஏத்துனா அது உள்ள போகுது, இப்படி. என் கணிப்புல அது போதுமான அளவு பலமா இருக்கு.

உள்ள போனதும் ஒரு பைக்குள்ள மாட்டுது, லைசோசோம் வந்து கரைக்கிறதுக்குள்ள அந்தப் பைய ஓட்டை போட்டு வெளிய சைட்டோபிளாசத்துக்கு வந்துடும். ரிக்கெட்சியா வகையறா ஆக்டின் வால வச்சு தள்ளிக்கிட்டு போகும், இது அப்படி இல்ல, செல்லுக்குள்ள சாமான் ஏத்திட்டு போற மைக்ரோட்யூபூல் தண்டவாளத்துல டைனீன்ங்கற மோட்டார பிடிச்சு நியூக்ளியஸ் பக்கத்துக்கு போய் உக்காந்து பெருகுது. அந்த மோட்டாரோட கொக்கி பிடிக்கிற வேலைய பண்றதும் வெளிச்சவ்வுல இருக்குற ஸ்கா-சி தான்னு இப்போ தெரியுது. ஒரே புரோட்டீன் வெளிய நின்னா ஒட்டுறதுக்கு, உள்ள போனா வண்டி பிடிக்கிறதுக்கு. பெருகுனதும் செல்ல கிழிச்சுகிட்டு வராம, சில வைரஸ் மாதிரி செல்லோட சவ்வயே கொஞ்சம் போத்திகிட்டு மொட்டு விட்டு வெளிய வரும்.

இது ரத்தக்குழாயோட உள்பூச்சு செல்லுங்கள்லயும் வெள்ளையணுங்கள்லயும் தான் பெருகுது. ஃபைப்ரோநெக்டின் இல்லாத எடம் உடம்புல ஏது, அதனால தோல்ல ஆரம்பிச்சு நெறி, அப்புறம் ரத்தம், அப்புறம் நுரையீரல், மூளை, ஈரல், கிட்னின்னு சின்ன ரத்தக்குழாய் இருக்குற எல்லா எடத்துக்கும் போகுது. உள்பூச்சும் கெட்டு, நோய் எதிர்ப்பு செல்லுங்களும் வந்து குமிஞ்சு ரகளை பண்றப்போ குழாய் கசியும். அந்தக்காவோட ஆல்புமின் 2.6க்கு எறங்குனதும், முகம் உப்புனதும், எக்ஸ்ரே வெளுத்ததும் எல்லாம் ஒரே கசிவு தான்.

ஏன் அந்த ஊசி கேக்கல

செஃபிக்சைம், செஃப்ட்ரியாக்சோன், பென்சிலின் எல்லாமே பெப்டிடோகிளைக்கான் சுவர் கட்டுறத தடுக்குற மருந்து. சுவரே பேருக்கு இருக்குற கிருமிகிட்ட அத வச்சு என்ன பண்றது, போதாக்கொறைக்கு கிருமி செல்லுக்குள்ள உக்காந்திருக்கு. சுவர் இல்லாம எப்படி ஒடையாம நிக்குதுன்னு கேட்டா, அதுக்கும் பதில் வெளிச்சவ்வு புரோட்டீன் தான். டிஎஸ்ஏ56ம் ஸ்கா-ஏவும் கந்தக பிணைப்பு, அதாவது டைசல்ஃபைட் பாண்டு போட்டு ஒண்ணோடொண்ணு கோத்துக்குது. 2022ல வந்த ஒரு ஆய்வுல இன்னும் சுவாரஸ்யமா காட்டுனாங்க, செல்லுக்குள்ள இருக்குற பாக்டீரியாவும் வெளிய வந்த பாக்டீரியாவும் ரெண்டு வேற நெலைல இருக்கு, வெளிய வந்ததுல தான் இந்த கந்தக கோப்பு இருக்கு, பெப்டிடோகிளைக்கான் இன்னும் கொறச்சலா இருக்கு, செல்லுக்குள்ள பூறதுக்கு பிடிக்கிற வழி கூட ரெண்டுக்கும் வேற. டாக்சிசைக்ளின் இந்த சண்டைக்கே போறதில்ல, நேரா செல்லுக்குள்ள போய் பாக்டீரியாவோட ரைபோசோம பிடிச்சு புரோட்டீன் செய்றதையே நிறுத்திடும். டிஎஸ்ஏ56ம் சேத்து.

டெஸ்டுகளோட கதை

வெயில்-ஃபெலிக்ஸ் 1916ல வந்த டெஸ்டு. நோயாளியோட சீரம் புரோட்டியஸ்ங்கற வேற ஒரு பாக்டீரியாவ கட்டியாக்குதான்னு பாக்குறது, ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஓஎக்ஸ்-கேங்கற ரகம். ஒரு ஆளத் தேட அவன் ஜாடைல இருக்குற பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட விசாரிக்கிற மாதிரி தான் இது, சில நேரம் மாட்டும், பாதி நேரம் மாட்டாது. பல சின்ன லேப்ல இன்னும் இது மட்டும் தான் இருக்கு, மலிவு, அதனால முழுசா திட்டவும் மனசு வரல, ஆனா நெகட்டிவ்னு வந்தா அத நம்பி டாக்சிய நிறுத்துறது பெரிய தப்பு.

எலைசா கிட்ல இருக்குறது அசல் ஆளு, லேப்ல செஞ்ச 56 கேடி புரோட்டீன், பல ஸ்ட்ரெயின்ல, அதாவது கிருமியோட பல ரகத்துல இருந்து எடுத்து கலந்தது. உடம்பு மொதல்ல பாத்து ஆன்டிபாடி போடுறதும் அதுக்கு எதிரா தான், மேல்ல அது தான நெறைய இருக்கு. ஆனா அதுக்கும் நேரம் வேணும், காய்ச்சல் ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆகுறப்போ தான் ஐஜிஎம் நல்லா ஏறும், மூணாம் நாள்ல எடுத்தா பல பேருக்கு நெகட்டிவ் தான். பிசிஆர் நேர் எதிர், ஆரம்பத்துல தான் நல்லா பிடிக்கும், அதுக்கும் பெரும்பாலும் தேடுறது இந்த 56 கேடி ஜீனத் தான்.

ரெண்டாவது தடவ எப்படி

எங்ககிட்ட சேந்த மூணாம் நாள் ஓரளவு தெளிஞ்சதும் வீட்டுக்காரர் ஒரு மஞ்சப்பைல இருந்து பழைய பேப்பரெல்லாம் எடுத்து குடுத்தார். மூணு வருசத்துக்கு முந்தின டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் பாசிட்டிவ், டாக்சி ஏழு நாள், நலமாக வீடு திரும்பினார். "இந்த காய்ச்ச ஒருவாட்டி வந்தா வராதுன்னு நெனச்சோம் சார்"னு சொன்னார். அம்மை மாதிரி நெனச்சிருக்காரு, நியாயமான நெனப்பு தான்.

டிஎஸ்ஏ56ல நாலு எடம் ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறிகிட்டே இருக்கும். நம்ம உடம்பு எந்த எடத்த பாத்து ஆன்டிபாடி செய்யுதோ அந்த எடம் தான் மாறுறதும். கார்ப், கில்லியம், கேடோன்னு மூணு பழைய ஸ்ட்ரெயின் உண்டு, கார்ப் 1943ல நியூ கினியால, கில்லியம் அதே வருசம் அசாம்-பர்மா எல்லைல, ரெண்டாம் உலகப்போர் சமயம், கேடோ பின்னாடி ஜப்பான்ல. இப்போ 20க்கு மேல ரகம் தெரியும். வேலூர், ஷில்லாங், ஷிம்லா மூணு எடத்து நோயாளிகள்கிட்ட எடுத்த 56 கேடி ஜீன படிச்சுப் பாத்தப்போ கேடோ மாதிரி ரகம் தான் அதிகம், அடுத்தது கார்ப் மாதிரி. ஒரு ரகம் வந்து போனா அதே ரகத்துக்கு எதிரா பாதுகாப்பு கொஞ்ச வருசம் நிக்கலாம், வேற ரகத்துக்கு சில மாசம் தான். இவங்க பொருக்குல ஜீன் இருக்கான்னு மட்டும் தான் பாத்தாங்க, எந்த ரகம்னு சீக்வென்ஸ் பண்ணல, போன தடவ சாம்பிளும் யார்கிட்டயும் இல்ல. அதனால ரகம் மாறுனதால வந்துச்சா, பழைய பாதுகாப்பு கரைஞ்சு வந்துச்சான்னு பிரிச்சு சொல்ல வழியில்ல. ரெண்டுல எதுவா இருந்தாலும் கோளாறு அதே புரோட்டீன்ல தான்.

தடுப்பூசி வராததுக்கும் இது தான் காரணம். போர் சமயத்துலயே பிரிட்டிஷ்காரங்க பருத்தி எலியோட நுரையீரல்ல வளத்து தடுப்பூசி செஞ்சாங்க, பலன் குடுக்கல. அதுக்கப்புறம் வந்த முயற்சிலயும் டிஎஸ்ஏ56 போட்டா அந்த ஒரு ரகத்துக்கு வேலை செய்யும், பக்கத்து ரகத்துக்கு செய்யாது. அதிகம் மாறாத 47 கேடி புரோட்டீன் மேல இப்போ கண்ணு இருக்கு, ஆனா உடம்பு அத அவ்வளவா கண்டுக்குறதில்ல. கிருமி எத முன்னாடி நீட்டிகிட்டு நிக்குதோ அது மாறிட்டே இருக்கு, எது மாறலயோ அத முன்னாடி நீட்டல. இந்த விசயத்துல எனக்கு ஓரியன்ஷியா மேல ஒரு மரியாதையே உண்டு.

வீட்டுக்கு போறப்போ

வீட்டுக்காரர்கிட்ட மறுபடியும் வரலாம்னு தெளிவா சொல்லிட்டோம், சொல்லாம விட்டா அடுத்த தடவயும் ஒம்பதாம் நாள் தான் வருவாங்க. காய்ச்சல் வந்தா ரெண்டாம் நாளே வாங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாயத் தொறந்ததும் காபி தோட்டத்துல வேலைன்னு சொல்லுங்க, இந்த டிஸ்சார்ஜ் பேப்பர காட்டுங்க. வேலைக்கு போறப்போ முழுக்கை சட்டை மேல போட்டுக்கறது, பேன்ட் கால சாக்ஸுக்குள்ள விட்டு கட்டிக்கறது, டீட் இருக்குற பூச்சி விரட்டி கெடச்சா பூசிக்கறது. துவைச்ச துணிய புல்லு மேல காயப்போடாம கொடில போடணும். சாப்பாட்டு நேரத்துல புல்லுல அப்படியே உக்காரக் கூடாது, ஒரு சாக்கு போதும். வீட்டுக்கு வந்ததும் குளிச்சு தேச்சு துணி மாத்துனா ஒட்டிகிட்டு இருக்குற குஞ்சு பாதி போயிடும், கடிச்ச உடனே எல்லாம் பாக்டீரியா உள்ள எறங்கிடாது. கர்ப்பமா இருக்குறவங்க யாராச்சும் தோட்டத்துல இருந்து காய்ச்சல்னு வந்தா டாக்சிக்கு பதிலா அசித்ரோமைசின், அத மட்டும் அவங்க ஊரு நர்ஸ்கிட்ட போன்ல தனியா சொன்னேன்.

அடுத்த வாரம் அதே தோட்டத்துல, அதே வரிசைல பழம் பறிச்ச இன்னொரு அம்மா மூணாம் நாள் காய்ச்சலோட நடந்தே ஓபிக்கு வந்தாங்க, அந்தக்கா தான் பிடிச்சு அனுப்பியிருக்கு. பிளேட்லெட் நார்மல், எக்ஸ்ரே சுத்தம், எலைசா நெகட்டிவ், இடது அக்குள்ல பொருக்கு. டாக்சிசைக்ளின் எழுதிக் குடுத்து அன்னிக்கே மலைக்கு பஸ் ஏத்தி விட்டோம், ரெண்டு நாள் கழிச்சு காய்ச்சல் விட்டுடுச்சுன்னு போன் வந்துச்சு.